பாதியைத் துடைத்துவிடும் ரெபேக்காள்

தீக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, வண்ணத்தில் தொட்டு, பலகையில் குத்தியிருக்கும் புது மாப்பிள்ளையின் கன்னத்தில் ரெபேக்காள் ஒரு சுற்றுச் சுற்றுகிறாள். கன்னம் குப்பென்று சிவக்கிறது. கூத்துக்கு வேஷம் கட்டியவர் மாதிரி ஆகிவிடுகிறார் மாப்பிள்ளை. உடனே வேறொரு பஞ்சை எடுத்து, போட்ட சிவப்பைத் துடைக்க ஆரம்பிக்கிறாள். போட்டது ஒரு நொடி, துடைப்பது அரை மணி. பஞ்சு மாறிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் கன்னத்தில் ஏதோ ஒன்று மிஞ்சி நிற்கிறது. அதை நிறம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, நிறம் இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

"இப்பந்தான் ஆளு வாராரு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்.

தென்காசியில், கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே போகும் தெருவில் இருக்கிறது ஸ்டூடியோ. அவளுடைய கணவர் அய்யாத்துரை படம் எடுப்பார். கலர் பிலிம் என்று ஒன்று சீமையில் இருப்பதாகப் பத்திரிகையில் படிக்கிறோமே தவிர, இந்தப் பக்கத்தில் கண்ணால் கண்டவர் இல்லை. எடுப்பதெல்லாம் கறுப்பு வெள்ளைதான். அந்தப் படத்தை ஒரு மருந்துத் தண்ணீரில் முக்கிப் பழுப்பாக்கி, அதன்மேல் கையால் வண்ணம் ஏற்றுவது ரெபேக்காளின் வேலை. அந்த மருந்துக்கு அழுகின முட்டை நாற்றம். முக்குகிற நாளில் பக்கத்து ஜவுளிக் கடைக்காரர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வியாபாரம் பார்க்கிறார்.

நான் ஆண்டுதோறும் சீசனுக்கு வருகிறவன். குற்றாலத்தில் குளிப்பதும், தென்காசியில் சாப்பிடுவதும், மிச்ச நேரத்தில் அய்யாத்துரையின் பெஞ்சியில் உட்கார்ந்து பிறர் காரியத்தில் மூக்கை நுழைப்பதும் என் வழக்கம். ஜன்னலில் மெல்லிய மல் துணி கட்டியிருக்கிறது. வெளியே சாரல். உள்ளே வருகிற வெளிச்சம் பாலில் தண்ணீர் கலந்த மாதிரி இருக்கும். அதில் உட்கார்ந்திருந்தால் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்றே தெரியாது. எனக்கு அந்த மயக்கம் பிடிக்கும்.

ரெபேக்காளுக்கு நாற்பது தாண்டியிருக்கும். ஒல்லி. யாரைப் பார்த்தாலும் கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பாள். புதிதாக வருகிறவர்கள் இந்த அம்மாளுக்கு நம்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள். கேட்டேன். "கண்ணை இடுக்கிப் பாத்தா வேண்டாததெல்லாம் போயிரும் அண்ணாச்சி. மீசை, பொட்டு, கம்மல் எல்லாம் போயி, மொகம் மட்டும் நிக்கும்," என்றாள். என்னையும் அப்படித்தான் பார்த்தாள். என் முகத்தில் என்ன நின்றது என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

புதுச் சேலை அவளுக்கு ஆகாது. கிறிஸ்துமஸுக்கு எடுத்த சேலையைத் தங்கையிடம் கொடுத்துவிடுவாள். தங்கை அதை உடுத்தி, துவைத்து, வெயிலில் போட்டு, சாயத்தின் வாய்க்கொழுப்பெல்லாம் அடங்கிய பிறகு அடுத்த கிறிஸ்துமஸுக்கு ரெபேக்காள் உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போவாள். தங்கைக்கு இதில் ஒரு குறையும் இல்லை. அய்யாத்துரைக்குத்தான் மானக்கேடு. "பொண்டாட்டிக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் குடுக்க வக்கில்லாதவம்னுல்லா ஊருல பேசுதாவ!" என்பார்.

ஸ்டூடியோவில் பின்னால் தொங்கவிடும் திரையிலும் அவள் கைவண்ணம்தான். பேரருவி வரைந்திருக்கிறாள். மூன்று மைல் தள்ளி நிஜ அருவியில் குளித்துவிட்டு, தலை காயாமல் இங்கே வந்து, வரைந்த அருவிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வது சீசன்காரர்களின் சம்பிரதாயம். ஆனால் அவள் வரைந்ததோ ஒரு வெள்ளைப் புகை. "இதுல தண்ணி எங்கம்மா?" என்று கேட்பார்கள். "இருக்கு, சத்தம் போடாம விழுது," என்பாள் ரெபேக்காள்.

வாடிக்கைக்காரர்களோடு அவளுக்குத் தினமும் மல்லுக்கட்டு. சங்கிலி மஞ்சளாக மின்ன வேண்டும், சேலை அரக்குச் சிவப்பாக இருக்க வேண்டும், உதடு வெற்றிலை போட்ட மாதிரி இருக்க வேண்டும் என்பார்கள். அவள் சங்கிலிக்குக் காய்ந்த எலுமிச்சைத் தோலின் நிறத்தைக் கொடுப்பாள். சேலைக்குச் சுட்ட ஓட்டின் நிறம். புளியங்குடிக் கமிஷன் கடைக்காரர் ஒருவர், "எம்பொண்டாட்டி கட்டியிருந்தது பட்டும்மா, நீங்க போட்டுருக்கது கொடியில கெடந்த பழசு!" என்று எகிறினார். மூன்று மாதம் கழித்து அவரே மாமனார் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். வீட்டுச் சுவரில் மாட்டிய பிறகுதான் பொண்டாட்டி அதில் பேசுகிற மாதிரி இருந்ததாம். "நான் வெளிச்சத்தைச் சேக்கேன், இவ கலரைக் கழிக்கா. ரெண்டுக்கும் நடுவுல கட ஓடுது," என்பது அய்யாத்துரையின் கணக்கு.

இப்படிப்பட்டவள் போன ஆடியில் ஒரு பெண்ணின் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தாள்.

மேலகரத்துச் சங்கிலிப்பாண்டி, நஞ்சையும் புஞ்சையுமாக உள்ள மனிதர். அவருடைய மகள் உலகம்மைக்குக் கோவில்பட்டியில் ஒரு போலீஸ்காரப் பையனைப் பார்த்திருந்தார்கள். பையன் வீட்டில் முதலில் போட்டோவைக் கேட்டார்கள். உலகம்மை கறுப்பு. நல்ல கறுப்பு. சின்ன வயதிலிருந்து அதைச் சொல்லாத உறவு இல்லை. படம் எடுக்க வந்தபோது முகத்தில் அப்பியிருந்த பவுடரை ரெபேக்காள்தான் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். பெண் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

படம் தயாரானதும் வாங்க வந்தவளும் உலகம்மைதான், அத்தையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு. ரெபேக்காள் அவள் நிறத்தை ஒரு துளிகூட மாற்றவில்லை. ஆனால் அந்தக் கறுப்புக்குள் எங்கேயோ ஒரு கதகதப்பு இருந்தது. அந்த நெற்றியும் கன்னமும் சாரல் வெளிச்சத்தில் அப்படியே மிதந்தன. பெண் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது நானாக்கா?"

"பின்ன யாரு? ஒங்க அத்தையா?"

"நான் இவ்வளவு நல்லாவா இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்கு வெட்கப்பட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் பெஞ்சியில் கிடந்த பத்திரிகையை எடுத்து விரித்துக்கொண்டேன்.

அத்தை படத்தைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனாள். பத்து நாளில் சங்கிலிப்பாண்டி ஸ்டூடியோப் படியில் ஏறினார். கையில் அதே படம். மேல்துண்டு தோளில் நிற்கவில்லை.

"எம்மகளுக்குச் சோகையான்னு கேக்காவ. காமாலை வந்து தேறுன பிள்ளையான்னு கேக்காவ. என்னத்தம்மா பண்ணி வச்சிருக்கிய? கல்லு மாதிரி இருக்க பிள்ளைய சீக்காளி ஆக்கிட்டியளே!"

ரெபேக்காள் படத்தை வாங்கி ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். பலகையில் வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான அண்ணாச்சி இருக்கு?" என்றாள். உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. அந்தப் படத்தில் உலகம்மை நன்றாகத்தான் இருந்தாள்.

அய்யாத்துரை குறுக்கே வந்தார். "எங்க வச்சுப் பாத்தாவளாம்?"

"எங்க வச்சுப் பாப்பாவ? முத்தத்துல கட்டிலப் போட்டு, தெருவுல உள்ள பொம்பளையள எல்லாம் கூப்பிட்டு வச்சுத்தான் பாத்துருக்காவ. மத்தியான நேரம். வெயிலு மண்டையப் பொளக்கும் அங்க."

ரெபேக்காள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சாரலின் மூடாக்கு வெளிச்சத்தில் கொஞ்ச நிறமே நிறைவாகத் தெரிந்திருக்கிறது. போதும் போதும் என்று அவளும் துடைத்துக்கொண்டே போயிருக்கிறாள். கோவில்பட்டிக் கரிசல் காட்டு வெயில் அந்தக் கொஞ்சத்தையும் விழுங்கிவிட்டு, சாம்பல் பூத்த ஒரு முகத்தை அந்தப் பெண்களுக்குக் காட்டியிருக்கிறது. கோவில்பட்டியில் வெயில் அடிக்கும் என்பது தென்காசிக்காரிக்குத் தெரியாதா? தெரியும். ஆனி, ஆடியில் மறந்துபோகும். இந்த இரண்டு மாதமும் உலகம் முழுவதும் சாரல் விழுகிறது என்றுதான் இங்கே எல்லோருக்கும் நினைப்பு.

"தப்பு எம்மேலதான் அண்ணாச்சி," என்றாள்.

"தப்பு கிப்பெல்லாம் இருக்கட்டும். வேற ஒரு பொண்ணு போட்டோவும் அங்க வந்து கெடக்கு. ஆடி கழிஞ்சதும் ஏதாவது ஒண்ண முடிவு பண்ணிருவாவ. வெள்ளையாப் போட்டு, கன்னத்துல நல்லா ரோசு வச்சு, இன்னைக்கே ஒண்ணு குடுங்க."

"அஞ்சு நிமிச வேல," என்றார் அய்யாத்துரை.

"புதுசு போட்டுத் தாரேன். வெயில்ல வச்சுப் பாத்துக் கலந்து தாரேன். வெள்ளையாப் போடமாட்டேன்," என்றாள் ரெபேக்காள். "நாளைக்கு அவிய நேர்ல வந்து பிள்ளையப் பாப்பாவல்லா? அப்பம் போட்டோவுல இருக்கது எங்கன்னு கேட்டா யாரைக் காட்டுவிய?"

சங்கிலிப்பாண்டி சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. வேறு ஸ்டூடியோவுக்குப் போகாமல் வீட்டுக்குப் போனார், அவ்வளவுதான்.

வெயிலுக்கு எங்கே போவது? அந்த வருஷச் சாரல் பிடித்த பிடியை விடவில்லை. ஐந்தருவியில் ஐந்தும் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு கூத்தாடியது. கோயில் வாசலில் காற்று ஆளைத் தூக்கியது. மலை இருக்கிற திசையில் மலையைக் காணோம். ரெபேக்காள் காலையில் பலகையை மார்பில் அணைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவாள், நனைந்து இறங்கி வருவாள். மேற்கே பார்த்து, "நாசமாப் போற சாரலு," என்று வாய்விட்டுத் திட்டினாள். சாரலில் பிழைப்பவள் சாரலைத் திட்டுவதை அந்த ஊரில் நான் ஒருவன்தான் கேட்டிருப்பேன். அருவியில் நிற்கும்போது எனக்கே குற்றவாளி மாதிரி இருந்தது. அதற்காகக் குளிக்காமல் வந்தேன் என்று சொல்லமாட்டேன்.

ஒருநாள் காலையில் பலகை, கலர்ப் பெட்டி, பஞ்சுப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு ஓலைக் கொட்டானில் அடுக்கினாள்.

"எங்கட்டி கெளம்பிட்ட?" என்றார் அய்யாத்துரை.

"வெயிலு இருக்க எடத்துக்கு. இங்கன கெடந்தா அது வருமா? நம்மதான் போவணும்."

மேலகரத்துக்கு ஆள் சொல்லியனுப்பி, உலகம்மையையும் வரவழைத்துவிட்டாள். மகளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் சங்கிலிப்பாண்டியும் வந்தார். அழைக்காமலே நானும் ஏறிக்கொண்டேன். திருநெல்வேலி பஸ். சாரல் ஜன்னல் படுதாவில் படபடவென்று அடித்தது. பாவூர்சத்திரம் வரை அப்படியே. அதற்கு அப்புறம் தூறல் மெலிந்தது, பிறகு காற்று மட்டும் கூட வந்தது. எல்லோரும் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தோம். ஓரிடத்தில் ஒரு பனைமரத்தின் காலடியில் மங்கலாக ஒரு நிழல் கிடந்தது. அடுத்த பனைக்கு இன்னும் கொஞ்சம் கறுப்பாக. நிழலைப் பார்த்து இவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

"எறக்கிவிடுங்க, எறக்கிவிடுங்க!" என்று ரெபேக்காள் கத்தினாள். கண்டக்டர், "இங்கன ஸ்டாப்பு கெடையாதும்மா," என்றார். அவள் அதற்குள் படிக்கு வந்துவிட்டாள்.

ஆலங்குளத்துக்கு இந்தப் பக்கம், பொட்டல் காட்டில் ஒரு சின்னப் பாலம். பாலத்துக் கட்டைச் சுவரில் ரெபேக்காள் உட்கார்ந்தாள். மடியில் பலகை, அதில் வண்ணம் ஏறாத பழுப்புப் படம். எதிரே உலகம்மையை வெயிலில் நிறுத்தினாள். மேற்கே திரும்பிப் பார்த்தால் நாங்கள் விட்டுவந்த இடம் முழுவதும் வெள்ளைப் பஞ்சு மூட்டையாகக் கிடந்தது. இங்கேயோ துல்லியமான வெயில், விடாத காற்று, வானம் முழுக்க எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்த மேகங்கள். மேகம் மறைக்கும்போது ரெபேக்காள் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பாள். விலகியதும் பெண்ணைப் பார்ப்பாள், படத்தைப் பார்ப்பாள், பஞ்சை எடுப்பாள். போட்டாள், துடைத்தாள். இந்தத் தடவை கொஞ்சமாகத் துடைத்தாள். பஸ்களும் மாட்டு வண்டிகளும் எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு போயின. ஒரு வண்டிக்காரர் இறங்கி வந்து, பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். வெயில் என் தலைக்கும் ஏறி, நடப்பது நிஜம்தானா என்று ஒரு மாதிரியாக இருந்தது.

"கன்னத்துல கொஞ்சம் ரோசு..." என்று மெல்ல ஆரம்பித்தார் சங்கிலிப்பாண்டி.

"அண்ணாச்சி, பிள்ள மொகத்த ஒரு நேரம் பாருங்க. அதுல ரோசு இருக்கா? இருந்தா வைக்கேன்."

அவர் பார்த்தார். தகப்பன் மகளை முழு வெளிச்சத்தில் நிறுத்திவைத்துப் பார்ப்பது எந்த வீட்டில் நடக்கிறது? உலகம்மை முதலில் தலையைக் குனிந்தாள். பிறகு நிமிர்ந்தாள். சங்கிலிப்பாண்டி துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "எங்க அம்மைக்கும் இதே நெறந்தான்," என்றார். அதற்குப் பிறகு ரோசைப் பற்றிப் பேசவில்லை.

படம் காய்ந்ததும் அத்தை அதையும் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்களில் ரெபேக்காளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு செட்டியாருக்கு மூக்கில் கொஞ்சம் அதிகமாகத் துடைத்து, மூக்கே இல்லாமல் செய்துவிட்டாள். வாசலில் நிழலாடினால் எழுந்து எழுந்து பார்த்தாள்.

ஆடி முடியப்போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாரலில் நனைந்துகொண்டு ஒரு வாலிபர் படியேறினார். ஒட்ட வெட்டிய தலை, விறைத்த முதுகு. வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. சட்டைக்குள்ளிருந்து ஒரு காகித உறையை எடுத்து, அதிலிருந்து இரண்டு படங்களை மேஜைமேல் வைத்தார். முதலில் போனது ஒன்று, வெயிலில் போட்டது ஒன்று. இரண்டிலும் உலகம்மை.

"நான் இசக்கிப்பாண்டி. கோவில்பட்டி. பொண்ணு வீட்டுக்குப் போவலை, நேர இங்கதான் வாரேன்," என்றார். "எங்க அம்மை ரெண்டையும் வச்சுக்கிட்டு ஒண்ணும் ஓடாம இருக்காவ. ரெண்டுல எதும்மா நெசம்?"

"ரெண்டும் நெசந்தான் தம்பி. மழையில பாத்தா அது, வெயில்ல பாத்தா இது."

"அதில்லைம்மா." அவர் தயங்கினார். "பிள்ள மொகம் எனக்குப் பிடிச்சிருக்கு. அம்மைக்குத்தான் நெறம் ஒரு கொறையா இருக்கு. தெருவுல உள்ளவியளும் ஏத்தி விடுதாவ. எனக்கும் என்ன சொல்லன்னு தெரியலை. ஒளிக்காமச் சொல்லுங்க, பொண்ணு ரொம்பக் கறுப்போ?"

அய்யாத்துரை என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ரெபேக்காள் அலமாரியைத் திறந்து, ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்தாள். பாலத்தில் உட்கார்ந்து உலகம்மையின் முகத்துக்கென்று கலந்த வண்ணம் அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. காயாமல் இருக்க மேலே கண்ணாடித் துண்டால் மூடி வைத்திருந்தாள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்தாள்.

"கைய நீட்டுங்க தம்பி."

போலீஸ்காரர் கையை நீட்டினார். அவருடைய புறங்கையில் பஞ்சால் ஒரு பொட்டு வைத்து, விரல் நுனியால் மெல்லத் தேய்த்துப் பரப்பினாள். தன் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"எங்கன வச்சேன்னு காட்டுங்க, பாப்போம்."

இசக்கிப்பாண்டி கையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டிருந்தார்.